கொட்டகை பல வருஷம் நிற்க வேண்டுமா?

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



நெல்லுக்கு என்ன உரம், கரும்புக்கு எத்தனை தண்ணீர், வாழைக்கு எப்போது முட்டு என்றெல்லாம் பல தடவை பேசியாகிவிட்டது. இன்றைக்கு நம் எல்லோர் வீட்டுக் கொல்லையிலும் நிற்கிற ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அதுதான் கொட்டகை. மாடு கட்டுகிற கொட்டகை இருக்கும். ஆட்டுக்கு ஒரு சாய்ப்பு இருக்கும். மண்வெட்டி, கலப்பை, மருந்தடிக்கிற ஸ்பிரேயர், உர மூட்டை, விதை மூட்டை, இவற்றையெல்லாம் போட்டு வைக்க ஒரு சிறு கொட்டகை இருக்கும். பெயர் எதுவானாலும் நாலு கால், ஒரு கூரை. அவ்வளவுதானே என்று நினைத்து நாம் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

கொட்டகை கட்டுகிற அன்றைக்குப் பாருங்கள், வீட்டுக்காரர் நாள் பார்க்கிறார், ஆள் கூப்பிடுகிறார், நல்ல மரமாகத் தேடுகிறார். கட்டி முடித்த மறுநாளிலிருந்து மறந்துவிடுகிறார். அது சாய்ந்து நிற்கும்போதுதான் மறுபடி ஞாபகம் வருகிறது. 2005-ஆம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் நம் மாநிலத்தில் பல ஊர்களில் வீட்டுக்கு வீடு மாட்டுக் கொட்டகை கட்டிக் கொடுத்தார்கள். சில இடங்களில் தரை பெயர்ந்து, தூண் அடியில் கம்பி வெளியே தெரிகிறது. "என்னங்க இப்படி இருக்கு?" என்று கேட்டால், "கவர்மெண்டு கட்டினது சார், கவர்மெண்டே வந்து பார்க்கட்டும்" என்கிறார்கள். கட்டியது யாராக இருந்தாலும், அது விழுந்தால் நம்ம மாட்டின் மேல்தானே விழும்?

கொட்டகைக்கு எதிரிகள் ஐந்து. ஈரம் ஒன்று, கரையான் ஒன்று, காற்று ஒன்று, துரு ஒன்று, நெருப்பு ஒன்று. இந்த ஐந்தையும் அடையாளம் தெரிந்துகொண்டால் போதும். பெரிய செலவு இல்லாமலே கொட்டகையைப் பல வருஷம் காப்பாற்றலாம்.

கால் எங்கே இற்றுப்போகிறது?

முதலில் ஈரம். ஒரு பழைய மரக்காலைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கிற பாகம் ஓரளவு நன்றாக இருக்கும். மேலே காற்றில் நிற்கிற பாகமும் நன்றாக இருக்கும். மண்மட்டத்தில் மட்டும், மேலே நாலு விரல், கீழே ஒரு சாண், அந்த இடம் இற்றுப் பஞ்சாகப் போயிருக்கும். ஏன் அப்படி?

மரத்தை உளுக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணம். அடுப்பு எரிய விறகும் வேண்டும், காற்றும் வேண்டும் அல்லவா? அதுபோலப் பூஞ்சணம் வளர ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. மேலே காற்று உண்டு, ஈரம் இல்லை. மண்மட்டத்தில் இரண்டும் சேர்ந்து கிடைக்கிறது. அதனால்தான் அங்கே இற்றுப்போகிறது. ஆகவே கொட்டகைக் காலைப் பார்க்கிறவர் முதலில் குனிந்து அந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? காலைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை விலக்குங்கள். ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர் அல்லது கடப்பாரை நுனியால் அங்கங்கே குத்துங்கள். நல்ல மரம் இடம் கொடுக்காது. உளுத்த மரத்தில் நுனி புகுந்துவிடும். ஒரு கட்டையால் தட்டியும் பார்க்கலாம். நல்ல மரம் 'டங்' என்று சொல்லும். உள்ளே போனது 'பொத்' என்று சொல்லும். நாலு காலையும் பார்க்கக் கால்மணி நேரம் ஆகாது.

உளுத்துப்போனது தெரிந்தால் காலை முழுசாக மாற்ற வேண்டும் என்பதில்லை. மேல் பாகம் நன்றாக இருந்தால், பக்கத்தில் இரண்டு முட்டுக் கொடுத்து வளையைத் தாங்கிக்கொண்டு, இற்ற அடிப்பாகத்தை மட்டும் அறுத்துவிடலாம். அந்த இடத்தில் ஒரு கல்தூண் துண்டையோ, கம்பி போட்டு வார்த்த சிமெண்ட் கட்டையையோ ஊன்றி, இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு மரத்தோடு இணைத்துவிடலாம். கல்கட்டை தரைக்கு மேல் ஒரு அடியாவது நிற்கட்டும். அப்புறம் மரம் மண்ணைத் தொடவே தொடாது. முட்டுக் கொடுக்காமல் மட்டும் காலில் கை வைக்காதீங்க. மாட்டையும் அவிழ்த்து வெளியே கட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

மரக்காலைச் சுற்றி சிமெண்ட் போட்டுவிட்டால் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். சிமெண்ட் மேல்பாகம் தட்டையாகவோ குழியாகவோ இருந்தால், மரத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் தண்ணீர் இறங்கி நிற்கும். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதில் மரத்தை நட்டு வைத்த மாதிரிதான். சிமெண்டை வெளிப்பக்கம் சரிவாக இழைக்க வேண்டும். இடுக்கைத் தார் காய்ச்சி ஊற்றி அடைக்க வேண்டும். வருஷம் ஒரு தடவை அந்தத் தாரைப் பார்த்து, வெடித்திருந்தால் மறுபடி ஊற்றுங்கள்.

கொட்டகைக்குள் தண்ணீர் வராமல், நிற்காமல்

மழைத் தண்ணீர் இறவாணத்திலிருந்து சொட்டுகிற இடம் எங்கே? பல கொட்டகைகளில் சரியாகக் கால் ஓரத்திலேயே விழுகிறது. கூரை, காலைத் தாண்டி இரண்டரை அடியாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். சொட்டுகிற இடத்தில் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, தென்னை அடிக்கோ வாழைக்கோ போகும்படி விடுங்கள். கொட்டகைத் தரை, சுற்றியுள்ள தரையைவிட ஒரு அடியாவது உயரமாக இருக்கட்டும். நாளாக நாளாகச் சாணியும் குப்பையும் வெளியே சேர்ந்து மேடாகி, கொட்டகை பள்ளமாகிவிடும். அதை வருஷத்துக்கு ஒரு முறை வெட்டி எருக்குழியில் போடுங்கள். எருவும் ஆச்சு, கொட்டகையும் தப்பிச்சுது.

மாட்டு மூத்திரம் நிற்கிற தரை, கொட்டகைக்கும் கெடுதல், மாட்டுக்கும் கெடுதல். குளம்பு அழுகும், மடி நோய் வரும். தரைக்குச் சரிவு வேண்டும். நாற்பதுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது பத்தடி நீளத்துக்கு மூன்று அங்குலம் இறக்கம். அதற்கு மேல் சரிவு வைத்தால் சினை மாட்டுக்குச் சிரமம். மண் தரையாக இருந்தால் மாடு மிதித்துப் பள்ளம் விழுகிற இடத்தைச் சரளை, செம்மண் போட்டுத் திமிசுக்கட்டையால் கெட்டிக்க வேண்டும். சிமெண்ட் தரையாக இருந்தால் வெடிப்பை உடனே அடைக்க வேண்டும். வழவழப்பாக இழைக்காமல் கோடு கோடாகக் கீறி விடுங்கள். வழுக்கி விழுந்த மாட்டைத் தூக்கி நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கரையான் வருகிற பாதை

அடுத்த எதிரி கரையான். இது வெயிலுக்கும் வறட்சிக்கும் பயந்த பூச்சி. வெளியில் வந்தால் காய்ந்து செத்துவிடும். அதனால்தான் மண்ணால் குழாய் மாதிரிப் பாதை கட்டி, அதற்குள்ளேயே ஈரத்தோடு ஏறி வருகிறது. அந்த மண் பாதைதான் அது நமக்குக் கொடுக்கிற முன்னறிவிப்பு. வாரம் ஒரு தடவை கூட்டும்போது துடைப்பக்கட்டையால் காலையும் சுவரையும் தடவிப் பாருங்கள். பாதை தெரிந்தால் உடைத்துவிடுங்கள். மறுநாள் மறுபடி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டியிருந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாதை எங்கிருந்து வருகிறது என்று தோண்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பக்கத்தில் ஒரு பழைய அடிக்கட்டை, மக்கிய விறகு, தரையில் கிடக்கிற வைக்கோல், இப்படி ஒன்று இருக்கும். முதலில் அதை அப்புறப்படுத்துங்கள்.

விறகையும் வைக்கோலையும் கொட்டகைச் சுவரில் சாத்தி வைக்காதீங்க. கல் மேல் பலகை போட்டு, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். சுவருக்கும் பொருளுக்கும் நடுவே பார்வை போகிற இடத்தில் கரையான் சுலபமாகக் குடியேறாது.

புதுக் கால் வாங்கும்போது வைரம் பாய்ந்த மரமாகப் பாருங்கள். முற்றிய பனை, வேம்பு, கருவேலம் இவற்றின் வைரப் பாகத்தைக் கரையான் லேசில் தொடாது. வைரம் பாயாத மென்மையான பாகத்தைத்தான் முதலில் தின்னும். மூங்கில் வாங்கினால் மூன்று நாலு வருஷம் முற்றியதாக வாங்கிக் குளத்தில் சில வாரம் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்துப் பயன்படுத்துங்கள். மூங்கிலைத் துளைத்து மாவாக்குகிற வண்டுக்கு அதிலுள்ள மாவுச்சத்துதான் ஆகாரம். தண்ணீரில் ஊறும்போது அந்தச் சத்து கரைந்து போய்விடுகிறது. நம் பெரியவர்கள் ஊறப்போட்டதற்குக் காரணம் இதுதான்.

மரத்துக்கு என்ன பூசலாம் என்று கேட்பீர்கள். மண்ணுக்குள் போகிற பாகத்துக்குத் தார் பூசுங்கள். கடற்கரையில் படகு மரத்துக்குப் பூசுகிற முந்திரிக்கொட்டை எண்ணெயும் நல்லதுதான். ஆனால் அது தோலில் பட்டால் கொப்பளித்துவிடும். கையில் உறை போட்டுக்கொண்டு, பிள்ளைகளைக் கிட்டே விடாமல் பூச வேண்டும். டிராக்டரில் வடித்த பழைய ஆயிலை மாட்டின் வாய் எட்டுகிற உயரத்தில் பூசாதீங்க. மாடு நக்கும். வீட்டில் மிச்சமான பழைய பெயிண்டையும் அப்படியே. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். கன்றுக்குட்டிக்கு நக்குகிற குணம் அதிகம், ஈயம் அதற்கு விஷம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2017-ஆம் வருஷத்திலிருந்து சட்டம் வந்திருக்கிறது. ஆகவே புது டப்பாவாக, ஈயம் சேர்க்காதது என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு விஷயம். சில வீட்டுப் பரணில் பி.எச்.சி. பவுடர், ஆல்ட்ரின் என்று பழைய மருந்து கிடக்கிறது. "கரையானுக்கு அதுதான் சார் கண்கண்ட மருந்து" என்பார்கள். ஆல்ட்ரின் 1996-இலும் பி.எச்.சி. 1997-இலும் நம் நாட்டில் தடை செய்யப்பட்டவை. மண்ணில் பல வருஷம் அழியாமல் கிடந்து, தீவனம் வழியாக மாட்டுக்கும், பால் வழியாக நம் பிள்ளைகளுக்கும் வந்து சேரும். தொடவே தொடாதீங்க. மருந்து போட்டே ஆக வேண்டும் என்றால் வேளாண்மை அலுவலகத்தில் வந்து கேளுங்கள். மாடு கட்டுகிற இடத்துக்கு எது ஆகும், எது ஆகாது என்று சொல்வார்கள்.

கூரை

கூரையில் கீற்று, விழல், ஓடு, தகரம் என்று பலவகை. எந்தக் கூரையானாலும் அதன் மேல் குப்பை சேரக்கூடாது. புளி, வேம்பு, முருங்கை, இந்த மரங்கள் கூரைக்கு மேல் கிளை நீட்டியிருந்தால் வெட்டிவிடுங்கள். இலை விழுந்து மக்கினால் கீற்று அழுகும், தகரம் துருப்பிடிக்கும். காற்றடித்தால் கிளை உரசி ஓட்டைப் புரட்டும்.

தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. சுரை, பூசணி, அவரைக்கொடியைக் கூரை மேல் ஏற்றிவிடுகிறோம். காய் நன்றாகத்தான் காய்க்கிறது. ஆனால் கொடிக்குக் கீழே கூரை காயவே காயாது. கீற்றுக்கூரை மக்கிப்போகும். ஓட்டுக்கூரையில் காய் பறிக்க ஏறினால் நாலு ஓடு உடையும். சுரைக்காய் எத்தனை ரூபாய், ஓடு எத்தனை ரூபாய் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கொட்டகைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பந்தல் போட்டால் காயும் உண்டு, கூரையும் உண்டு.

கீற்றுக் கூரைக்கு நல்ல சரிவு வேண்டும். சரிவு குறைந்தால் தண்ணீர் ஓடாமல் உள்ளே இறங்கும். கீற்றை நன்றாக ஊறவைத்து முடைந்து, காயவைத்து வேயுங்கள். முகட்டில்தான் முதலில் பிய்யும். முழுக்கூரையும் மாற்ற முடியாத வருஷத்தில் முகட்டையாவது மாற்றுங்கள்.

ஓட்டுக்கூரையில் ஒழுக்கு எங்கே என்று வெயிலில் தேடினால் கிடைக்காது. மழை பெய்கிறபோதே உள்ளே நின்று, சொட்டுகிற இடத்துக்கு நேர்மேலே உள்ள சட்டத்தில் ஒரு கரிக்கோடு போட்டு வையுங்கள். மழை விட்டதும் அந்த இடத்து ஓட்டை மட்டும் மாற்றலாம். ஒரு ஓடு ஒழுகினால் தண்ணீர் சட்டத்தில் இறங்கும். சட்டம் உளுத்தால் இருபது ஓடு இறங்கும்.

தகரத்தில் துருப் புள்ளி தெரிந்தவுடனே கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, மேலே பெயிண்ட் அடியுங்கள். கொக்கி ஆணியைத் தகரத்தின் மேட்டில்தான் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் இறங்கும். ஆணிக்குக் கீழே உள்ள வாஷர் வெயிலில் வெடித்துப்போகும். அதைப் பார்த்து மாற்றுங்கள். யூரியா, பொட்டாஷ் மூட்டையைத் தகரச் சுவரை ஒட்டியோ வெறும் சிமெண்ட் தரையிலோ போடாதீங்க. உரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். அந்தக் கசிவு இரும்பையும் அரிக்கும், தரையையும் அரிக்கும். பலகை போட்டு அதன்மேல் அடுக்குங்கள்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்ட கொட்டகைகளும் உண்டு. அதை அறுப்பது, துளை போடுவது, காய்ந்த பாசியைச் சுரண்டுவது, உடைந்ததை மிதித்து நொறுக்கித் தரைக்குப் போடுவது, இவை எதையும் செய்யாதீங்க. அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விடும். கழற்ற வேண்டியிருந்தால் தண்ணீர் தெளித்து நனைத்து, முழுத் தகடாக, உடைக்காமல் இறக்க வேண்டும்.

காற்று தூக்குகிறது

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, கூரை பறக்கும். காற்று கூரையைத் தள்ளுகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது தூக்குகிறது. பக்கம் திறந்த கொட்டகைக்குள் காற்று நுழைந்து கீழிருந்து மேலே முட்டுகிறது. அதே நேரத்தில் கூரைக்கு மேலே ஓடுகிற காற்று அதை உறிஞ்சி இழுக்கிறது. ஆகவே கூரையைக் கீழே பிடித்து வைக்கக் கட்டு வேண்டும். வளை காலோடும், கைமரம் வளையோடும், வரிச்சல் கைமரத்தோடும் கட்டப்பட்டிருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் போச்சு. கயிற்றுக் கட்டு வெயிலில் இற்றுப்போகும். முக்கியமான கட்டுகளுக்குக் கால்வனைஸ் கம்பியைப் போடுங்கள். மூலைக்கால்களுக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கட்டை அடித்தால் கொட்டகை பக்கவாட்டில் ஆடாது.

தகரம் பறக்காமலிருக்கக் கல்லைத் தூக்கி மேலே வைக்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. பெருங்காற்றில் தகரம் எழும்பும்போது அந்தக் கல் உள்ளே மாட்டின் மேலோ மனிதர் மேலோதான் விழும். கல்லை இறக்கிவிட்டுக் கம்பியால் இழுத்துக் கட்டுங்கள்.

2011 டிசம்பரில் தானே புயல் கடலூர்ப் பக்கம் அடித்தது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. தென்னை சாய்ந்ததைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். கொட்டகைக்குள் கட்டிப்போட்ட கயிற்றோடு மாண்ட ஆடு மாடுகளும் ஏராளம். அந்த மாதிரிக் காற்றுக்கு நல்ல கொட்டகையும் தாங்காமல் போகலாம். ஆகவே புயல் எச்சரிக்கை வந்தால் மாட்டை மேடான, பத்திரமான இடத்துக்கு ஓட்டிவிடுங்கள். முடியாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்து விடுங்கள். கட்டு இல்லாத மாடு தன் உயிரைத் தானே காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும்.

ஆனால் எல்லாக் கொட்டகையும் புயலில் விழுவதில்லை. எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் ஒரு அம்மா. வீட்டுக்காரர் இல்லை. இரண்டு கறவை மாட்டை வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பெண்ணைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். புரட்டாசியில் மேற்குப் பக்கத்து மூலைக்கால் அடியில் இற்றிருப்பது தெரிந்தது. அக்கம்பக்கத்திலும் சொன்னார்கள். "தை அறுப்புக் கூலி வரட்டும், மாத்திடறேன்" என்றார். கார்த்திகையில் ஒரு ராத்திரி மழை. புயல் இல்லை, பெரிய காற்றும் இல்லை. நனைந்த கூரையின் பாரம் தாங்காமல் அந்தக் கால் மடிந்தது. வளை இறங்கிப் பசுவின் இடுப்பில் விழுந்தது. டாக்டர் வந்து பார்த்தார். எட்டு நாள் கிடந்தது, எழுந்திருக்கவில்லை. சினை ஏழு மாதம். அந்தப் பெண்ணின் பரீட்சைக் கட்டணத்துக்கு மற்ற மாட்டையும் விற்கிற நிலைமை வந்தது. நல்லவேளை, மகளிர் குழுவில் கடன் கொடுத்துக் காப்பாற்றினார்கள். ஒரு கல்கால் என்ன விலை, ஒரு சினைப் பசு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். காசு இல்லை என்பது உண்மைதான். கால் மாற்றக் காசு இல்லாவிட்டாலும், பக்கத்தில் ஒரு சவுக்கு மரத்தை முட்டுக் கொடுக்கலாம். அதற்கு அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் கை கொடுத்தால் போதும். அடுத்த வீட்டுக் கால் இற்றிருக்கிறது என்று தெரிந்தால் வாயால் சொல்லிவிட்டுப் போகாமல், ஒரு முட்டையும் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நெருப்பும் மின்சாரமும்

வைக்கோல்போரைக் கொட்டகையை ஒட்டிப் போடாதீங்க. தீப்பொறி ஒன்று போதும், இரண்டும் சேர்ந்து போகும். இடம் இருக்கிற அளவுக்குத் தள்ளிப் போடுங்கள். கொசுவுக்கு மூட்டம் போடுகிறவர்கள் சட்டியில் போட்டு, பார்வையில் வைத்து, படுக்கப் போகுமுன் தண்ணீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். போகி அன்றைக்குப் பழைய கீற்றைக் கொல்லையிலேயே கொளுத்துகிற பழக்கம் வேண்டாம். எருக்குழியில் போட்டால் மக்கி எருவாகும்.

கொட்டகைக்கு லைட் போட வீட்டிலிருந்து ஒயரை இழுத்து, நடுவில் முறுக்கி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வைக்கிறோம். எலி கடித்துவிட்டால் தகரம், இரும்புக்கால் எல்லாம் ஷாக் அடிக்கும். நாலு காலும் ஈரத் தரையில் நிற்கிற மாடு நம்மைவிடச் சீக்கிரம் அடிபடும். ஒயரைக் குழாய்க்குள் போட்டு, எர்த் கொடுத்து, கசிவு வந்தால் தானே நின்றுவிடுகிற சுவிட்ச் ஒன்றை எலெக்ட்ரீஷியனை வைத்து மாட்டிவிடுங்கள். தீப்பிடித்தால் 101 அல்லது 112 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும் என்பது வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

மாதக் கணக்கு

இவ்வளவையும் எப்போது செய்வது? நம்ம மாதக் கணக்கிலேயே சொல்லிவிடுகிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தை மாதம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கொட்டகைச் சுவருக்கும் ஒரு கை அடியுங்கள். நீற்றாத சுண்ணாம்பை வாங்கித் தண்ணீரில் நீற்றி, ஒரு ராத்திரி வைத்து, வடிகட்டி, கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் சேர்த்தால் நன்றாக ஒட்டும். நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு உண்ணிக்கும் கிருமிக்கும் ஆகாது. இடுக்கு, வெடிப்பில் நன்றாக இறங்கும்படி அடிக்க வேண்டும்.

மாசி, பங்குனியில் மண் காய்ந்திருக்கும். கால் மாற்றுவது, தரை கெட்டிப்பது, இவற்றுக்கு அதுதான் காலம். சித்திரை, வைகாசியில் கூரை வேய்வது, ஓடு மாற்றுவது, தகரத்துக்குப் பெயிண்ட் அடிப்பது. ஆனி கடைசியில் கட்டுகளை எல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டால் ஆடிக்காற்றுக்குப் பயமில்லை. புரட்டாசி முக்கியமான மாதம். நம் மாநிலத்துக்கு வருஷத்தில் வருகிற மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. அதற்கு முன்னால் வாய்க்காலைத் தூர் எடுக்க வேண்டும், கால் அடியைக் குத்திப் பார்க்க வேண்டும், மரக்கிளையைக் கழிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பெரிய மழைக்குப் பிறகு ஒரு தடவை கொட்டகையைச் சுற்றி வாருங்கள். மார்கழியில் ஈரம் இருக்கிறபோது கரையான் பாதையைத் தேடுங்கள்.

என்ன செய்தோம், என்றைக்குச் செய்தோம் என்பதைக் கொட்டகைக் கதவிலோ உள்சுவரிலோ சாக்பீஸால் எழுதி வைப்பது நல்ல பழக்கம். எந்தக் காலை எந்த வருஷம் மாற்றினோம் என்பது நமக்கே மறந்துவிடும். சுவர் மறக்காது.

பெருமக்களே, பயிருக்குப் பக்கத்தில் தினம் நிற்கிறீர்கள், அதனால் அதில் பூச்சி விழுந்தால் அன்றைக்கே தெரிகிறது. கொட்டகையில் தினம் இரண்டு வேளை பால் கறக்கிறோம், ஆனால் நிமிர்ந்து கூரையையோ குனிந்து காலையோ பார்ப்பதில்லை. இன்றைக்குச் சாயங்காலம் மாட்டைக் கட்டப் போகும்போது, கையில் ஒரு கடப்பாரையோடு போங்கள். நாலு காலின் அடியையும் ஒரு குத்துக் குத்திப் பாருங்கள். நுனி உள்ளே போகிற கால் ஒன்று இருந்தால், இன்று ராத்திரி மாட்டை அதற்குக் கீழே கட்டாதீர்கள். நாளைக் காலையில் முதல் வேலையாக ஒரு முட்டுக் கொடுத்துவிடுங்கள்.